சுவர் நிழலில் உருண்டை கட்டிய லெட்யூஸ்

கடந்த தை மாதம் செட்டிநாட்டின் பள்ளத்தூரில் உள்ள எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டு முற்றத்தில் பதினாறு லெட்யூஸ் செடிகளில் பதினொன்று உருண்டை கட்டின. அவற்றுள் பெரியது 240 கிராம் இருந்தது. சிறியதைத் தராசில் வைக்க எனக்கே கூச்சமாக இருந்தது. மலையிலிருந்து வந்து கடைகளில் நெகிழித் தாள் சுற்றிக் கிடக்கும் ஐஸ்பெர்க் உருண்டையோடு ஒப்பிட்டால் இவை குழந்தைகள்தாம். ஆனாலும் கோடையில் ஓட்டின் மேல் அப்பளம் காய்ந்து நொறுங்கும் இந்த ஊரில், குளிர்நாட்டுக் கீரை ஒன்று இலைகளை உள்ளே மடக்கி நெஞ்சு கட்டியதைப் பார்க்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளில் நான் செய்த தவறுகளை எழுதி வைத்தால், அடுத்த கார்த்திகையில் விதைப் பொட்டலத்தைக் கையில் எடுப்பவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளாவது மிச்சப்படும்.

முதல் தவறு மரத்தடியில் நடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்த ஆண்டின் புரட்டாசியில் 'கிரேட் லேக்ஸ்' என்ற ஐஸ்பெர்க் வகை விதையை வாங்கினேன். லெட்யூஸ் குளிர்ச்சியை விரும்பும் என்று மட்டும் தெரிந்திருந்தது. ஆகவே பின்கட்டுக்கு வெளியே தோட்டத்தில் நிற்கும் வேப்பமரத்தின் அடியில் குழித்தட்டை வைத்து, அவரை விதையை ஊன்றுவது போலவே விரற்கடை ஆழத்தில் விதையைப் புதைத்து, காலையும் மாலையும் பூவாளியால் நீர் தெளித்து வந்தேன். இரண்டு வாரங்கள் கழிந்தும் ஒரு முளைகூடத் தலை நீட்டவில்லை. விதை விற்றவருக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். அவர் மறுமொழி ஏதும் சொல்லாமல் இன்னொரு பொட்டலம் அனுப்பினார். அதையும் அதே மரத்தடியில் அதே ஆழத்தில் புதைத்து, அதே முடிவைக் கண்டேன். அவர் மேல் பிழையில்லை என்பது பிறகுதான் விளங்கியது. இப்போது அவருக்கு நான் ஒரு மன்னிப்புக் கடிதம் கடன்பட்டிருக்கிறேன்.

லெட்யூஸ் விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் எண்ணூறு முதல் ஆயிரம் வரை இருக்கும். இவ்வளவு சிறிய விதைக்குள் இருக்கும் உணவு, விரற்கடை மண்ணை முட்டித் திறந்து வெளியே வரப் போதாது. அதனால் அது தான் மேற்பரப்பில் இருக்கிறதா, ஆழத்தில் கிடக்கிறதா என்பதை வெளிச்சத்தைக் கொண்டு அறிந்த பிறகே முளைக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்னும் இடத்தில் உள்ள அரசு வேளாண் ஆய்வு மையத்தில் 1952-ஆம் ஆண்டு அறிஞர்கள் இதைக் கண்டறிந்தபோது, சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 'கிராண்ட் ராப்பிட்ஸ்' என்ற லெட்யூஸ் விதையைத்தான். ஊறிய விதையின் மேல் சிவப்பு ஒளி பட்டால் முளைக்கிறது. அதற்கு அப்பால் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளி பட்டால் முளைப்பு நின்றுவிடுகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சினால் கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன் சொற்படி விதை நடந்துகொள்கிறது. செடிகள் வெளிச்சத்தை உணரப் பயன்படுத்தும் பைட்டோகுரோம் என்ற நிறமியைப் பற்றிய அறிவு வளர்ந்தது இந்தச் சோதனையிலிருந்துதான்.

இதில் எனக்கு உறைத்த செய்தி ஒன்று உண்டு. மரத்தின் இலைகள் வெயிலில் உள்ள சிவப்பு ஒளியைத் தாங்களே உண்டுவிட்டு, தொலைசிவப்பைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடுகின்றன. ஆகவே மரத்தடியில் கிடக்கும் லெட்யூஸ் விதை, தன் தலைக்கு மேல் வேறொரு செடி ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு உறங்கிவிடுகிறது. நான் குளிர்ச்சி என்று நினைத்துக் கொடுத்த வேப்ப நிழல், விதைக்குப் 'பிறக்காதே' என்று சொன்ன ஆணையாக இருந்திருக்கிறது. மர நிழல் வேறு, சுவர் நிழல் வேறு. சுவர் ஒளியைக் குறைக்குமே தவிர, அதிலிருந்து சிவப்பைப் பிரித்து எடுத்துக்கொள்வதில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட நாளில்தான் தோட்டத்தை விட்டு முற்றத்துக்குள் வந்தேன்.

ஒளியோடு வெப்பமும் சேர்ந்து கெடுத்திருந்தது. லெட்யூஸ் விதைக்கு 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை உகந்த சூடு. 28, 30 பாகையைத் தாண்டினால் பல வகைகள் வெப்ப உறக்கத்தில் ஆழ்ந்துவிடும். விதை உயிரோடுதான் இருக்கும், ஆனால் முளைக்காது. புரட்டாசியில் எங்கள் ஊரில் இரவில்கூட மண் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. இதற்கு எளிய மாற்று, விதையை ஈரத்துணியில் பரப்பி, மடித்து, ஒரு டப்பாவில் வைத்துக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் மூன்று நாள் வைத்திருப்பது. மூன்றாம் நாள் துணியை விரித்தால் சில விதைகளில் வெள்ளைப் புள்ளியாக முளை தெரியும்.

அதை எடுத்துக் குழித்தட்டில் இட்ட பிறகு, முளை வெளியே வரும் வரை தட்டை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை சொன்னது என் ஆத்தா. "பானையடி மணல்ல வைய்யி, அந்தக் காலத்துல எலுமிச்சம்பழமும் வெத்தலையும் அங்கதானப்பா வாடாம இருக்கும்" என்றார். எங்கள் வீட்டில் குடிநீர் மண்பானை இன்றும் மணற்படுக்கையில்தான் இருக்கிறது. பானையின் உடம்பில் கசிந்து இறங்கும் நீர் மணலை நனைத்துக்கொண்டே இருக்க, அந்த ஈரம் காற்றில் ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள சூட்டைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. பானைக்கு அருகில் மேற்கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து விழும் வெளிச்சமும் உண்டு. விதையை மண்ணால் மூடாமல், தென்னை நார்க்கழிவின் மேல் வைத்து விரல் நுனியால் மெல்ல அழுத்தி மட்டும் விட்டேன். மூன்றாம் நாள் முளைகள் பச்சை பிடித்தன. எறும்பு ஒன்றுதான் தொல்லை. விதைகளை வரிசை கட்டித் தூக்கிச் சென்றுவிடுகிறது. தட்டை ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் கல் வைத்து உயர்த்திய பின் அது நின்றது.

இரண்டாம் ஆண்டு நாற்று வந்தது, உருண்டை வரவில்லை. செடிகள் செழித்து, அகன்று, ரோஜாப் பூவை விரித்தாற்போல் கிடந்தன. மாசி பிறந்ததும் ஒவ்வொன்றாக நடுவிலிருந்து தண்டு ஓடத் தொடங்கின. ஒரே வாரத்தில் முழ உயரம். கீரை வளர்த்தவர்களுக்குத் தண்டு ஓடுவது புதிதல்ல. ஆனால் லெட்யூஸ் தண்டு ஓடினால் இலையில் கசப்பு ஏறிவிடுகிறது. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பாலில் உள்ள லாக்டூசின் முதலிய பொருள்களே கசப்புக்குக் காரணம். இந்தச் செடிக்கு லாக்டூகா என்ற பெயர் வந்ததே இலத்தீன் மொழியில் பாலைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான். ஆத்தா ஓர் இலையை வாயில் போட்டுவிட்டு, "ஏம்ப்பா, காசு குடுத்துக் கசப்பு வாங்குறியா? சுண்டைக்காய் சும்மாக் கெடைக்குமே" என்றார். மீந்த இலைகளைப் பாசிப்பருப்போடு துவட்டல் செய்தோம். வெந்த பின் கசப்பு ஓரளவு அடங்கியது என்றாலும், அதற்காக யாரும் லெட்யூஸ் வளர்ப்பதில்லை.

எங்கே தவறினேன் என்று சொன்னவர் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் பெரியவர். இளமையில் கொடைக்கானல் மலையில் முட்டைக்கோஸ் தோட்டத்தில் பல ஆண்டுகள் கூலிக்கு நின்றவர் அவர். செடிகளைப் பார்த்துவிட்டு, "கோசு கட்டணும்னா ராத்திரி குளிரணும் தம்பி. பகல்ல வெயில் அடிக்கிறதப் பத்திக் கவலயில்ல" என்றார். அறிவியலும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. பகலில் இலை சேர்த்த மாவுச்சத்தை இரவு வெப்பத்தில் செடி மூச்சு விட்டே செலவழித்துவிட்டால், உள்ளே இலைக்கு மேல் இலையாக அடுக்க மிச்சம் இருப்பதில்லை. உருண்டை கட்டும் லெட்யூஸில் ஏறத்தாழ ஒரு டஜன் இலைகள் விட்ட பிறகு, புதிதாக வரும் இலைகள் நீளத்தைவிட அகலத்தில் கூடுதலாக விரிகின்றன; அந்த அகலம்தான் ஓர் இலையை அடுத்த இலையின் மேல் கவியச் செய்கிறது. வெப்பம் கூடினால் இலை ஒடுங்கி நீளும், கவிய மறுக்கும். இறுகிய உருண்டைக்கு 10 முதல் 20 பாகைக்குள் சூடு வேண்டும் என்பார்கள். உதகையில் தை மாத இரவு பத்துப் பாகைக்கும் வெகு கீழே இறங்கும். காரைக்குடி வட்டாரத்தில் மார்கழியின் நல்ல குளிரே 20, 21 பாகைதான். நாம் போர்வையைத் தேடுகிற அந்தக் குளிர் ஐஸ்பெர்க்குக்கு வெயில் காலம்.

ஆகவே வகையை மாற்றினேன். ஐஸ்பெர்க் என்ற பெயரோடு ஒரு வகையை 1894-இல் அமெரிக்காவின் பர்ப்பி விதை நிறுவனம் விற்பனைக்கு விட்டது. 1941-இல் வெளிவந்த 'கிரேட் லேக்ஸ்' அந்தக் குடும்பத்தில் வெப்பத்தைச் சற்றுத் தாங்குவது என்று பெயர் பெற்றது. ஆனால் அவர்கள் வெப்பம் என்று சொல்வதும் நாம் சொல்வதும் ஒன்றல்ல என்பதை அந்தப் பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டிருந்த படத்தை நம்பிய எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உருண்டை லெட்யூஸில் இறுக்கமான ஐஸ்பெர்க் மட்டுமின்றி, தளர்வாகவும் பட்டுப் போன்ற இலையோடும் நெஞ்சு கட்டுகிற பட்டர்ஹெட் வகையும், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பட்டேவியா வகையும் உள்ளன. நான் மாறிய பட்டர்ஹெட்டுக்கு நடவிலிருந்து ஐம்பது, ஐம்பத்தைந்து நாள் போதும். ஐஸ்பெர்க்குக்கு அதைவிட இரண்டு மூன்று வாரம் கூடுதலாக வேண்டும். நம் குளிர்காலத்தின் நீளமே எழுபது நாள்தான் என்னும்போது அந்த இரண்டு மூன்று வாரமே எல்லாம். செட்டிநாட்டில் ஐஸ்பெர்க் வளர்க்க விரும்புபவர்களிடம் நான் வாதிட மாட்டேன். ஒரு முறை வளர்த்துப் பார்த்தால் அவர்களும் என் கட்சிக்கு வந்துவிடுவார்கள்.

இன்னொரு பக்கம், நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. ஐரோப்பாவில் லெட்யூஸ் வளர்ப்பவர்கள் கோடையில் அஞ்சுவது வெப்பத்தை மட்டுமன்று. பதினாறு மணி நேரம் நீளும் பகலையும்தான். நீண்ட பகல் செடிக்குப் பூக்கும் பருவம் வந்துவிட்டது என்ற செய்தியைக் கொடுத்துத் தண்டை ஓட வைக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகையில் இருக்கும் நமக்கு மார்கழிப் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனியில்கூடப் பன்னிரண்டே முக்கால் மணியைத் தொடுவதில்லை. ஆகவே எங்கள் ஊரில் தண்டு ஓடுவதற்குப் பெரும்பழி வெப்பத்தின் மேல்தான். பகலின் நீளத்தை யாரும் குறைக்க முடியாது. வெப்பத்தைச் சுவரும் தண்ணீரும் சற்றுக் குறைக்கும்.

இங்கே எங்கள் பழைய வீடுகளின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. முகப்பைக் கடந்தால் வளவு, அதன் பின் இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி இருக்கும் கட்டு என்று வீடு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீண்டு கிடக்கும். ஒவ்வொரு கட்டின் நடுவிலும் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் கல் பாவிய தரையும் பகல் சூட்டைச் சட்டென்று உள்ளே விடுவதில்லை. வெளியே காற்று அனலாக வீசும்போதும் முற்றத்துக்குள் அது அடங்கியே வருகிறது. திருமணத்துக்கும் சடங்குக்கும் ஆட்கள் நிறைந்திருந்த இந்த முற்றங்கள் இன்று ஆண்டில் பெரும்பகுதி காலியாகத்தான் கிடக்கின்றன. பதினாறு தொட்டிகளை வைப்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆனால் முற்றத்தில் எந்தப் பக்கம் என்பது முக்கியம். மார்கழியில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்கிறான். நண்பகலிலும் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 57 பாகை உயரத்துக்குத்தான் ஏறுகிறான். அதனால் முற்றத்தின் தென்பாதி தெற்குத் தாழ்வாரத்தின் நிழலிலேயே கிடக்கும். வடபாதியில் காலை ஒன்பதரை முதல் பிற்பகல் இரண்டு வரை வெயில் விழும். நான்கு ஐந்து மணி நேர நேர்வெயிலும், மீதி நேரம் சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சமும் பட்டர்ஹெட்டுக்குப் போதும். இரண்டாம் ஆண்டு சில தொட்டிகளைத் தென்புறத்தில் வைத்து, அவற்றில் வெளிச்சம் போதாமல் இலைகள் நீண்டு துவண்டதைக் கண்டேன். மூன்றாம் ஆண்டு சுண்ணாம்புக் கட்டியால் நிழலின் விளிம்பை மணிக்கொரு தடவை தரையில் கோடு கிழித்துப் பார்த்து, பிறகே இடம் குறித்தேன். ஆத்தா அதைக் கண்டு, "வீட்டுக்குள்ள பாண்டி ஆடுறியா?" என்று கேட்டார். மாசியில் கதிரவன் மேலேறிய பின் அதே வடபாதியில் வெயில் நேரம் கூடிவிடும். அதற்குள் அறுத்துவிட வேண்டும். நிழல்வலையைக் கட்டி ஒரு வாரம் தள்ளலாம், அதற்கு மேல் முடியாது.

ஆகவே நாள் கணக்குதான் இந்தச் செடியின் உயிர். தேதியை நினைவில் வைப்பதைவிட எங்கள் ஊர் விசேஷங்களை வைத்து எண்ணுவது எனக்கு எளிதாக இருக்கிறது. ஐப்பசியின் கடைசிப் பத்து நாளில் விதை குளிர்பதனப் பெட்டிக்குள் போக வேண்டும். திருக்கார்த்திகைக்கு விளக்கேற்றும் வாரத்தை ஒட்டி, நான்கு ஐந்து இலை விட்ட நாற்று தொட்டிக்கு வந்துவிட வேண்டும். அதிலிருந்து இருபத்தொரு நாள் எண்ணிப் பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ளும்போது செடி முற்றத்தை நிறைத்து விரிந்திருக்கும். அடுத்த வாரத்தில் நடு இலைகள் உள்நோக்கி வளையத் தொடங்கும். நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல் வைக்கும் சமயத்தில் உருண்டையைக் கையால் மெல்ல அழுத்திப் பார்க்கலாம். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பவர்கள் குன்றக்குடியை விட்டுக் கிளம்பும் நாளை ஒட்டி முதல் உருண்டையை அறுத்தேன். திருக்கார்த்திகை முன்னே பின்னே வரும் ஆண்டுகளில் ஒரு வாரம் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும்.

மண்ணைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துச் செம்மண் சரளை கலந்தது. கொஞ்சம் தோண்டினால் செம்புறாங்கல் தட்டுப்படும். லெட்யூஸின் வேர் ஆழம் போகாது என்பதால் தொட்டியே மேல். சலித்த செம்மண், மட்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குப் போட்டேன். பத்து அங்குல வாயுள்ள தொட்டிக்கு ஒரு செடி. ஆத்தா பரணில் கிடந்த மங்குப் பேசின்களை, அதாவது எனாமல் பூசிய பாத்திரங்களை, எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஓட்டை விழுந்தவை, ஐயா மலாயாவிலிருந்து கொண்டுவந்தவை, பார்க்கவும் அழகானவை. ஆனால் பழைய மங்குப் பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், பச்சையாக உண்ணும் கீரைக்கு அவற்றை வைக்க மனம் வரவில்லை. அவற்றில் மேசைரோஜா நட்டிருக்கிறேன்.

தண்ணீர் விஷயம் அப்படி எளிதாகக் கடந்துபோகக்கூடியதன்று. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு கூடுதல்; லெட்யூஸ் உப்பைத் தாங்காத செடிகளுள் ஒன்று. இலை விளிம்பு கருகுவதும் வளர்ச்சி குன்றுவதும் முதல் அறிகுறிகள். நல்ல வேளையாக வடகிழக்குப் பருவமழையும் லெட்யூஸ் பருவமும் ஒரே காலத்தில் வருகின்றன. நாலு பக்க ஓட்டிலிருந்தும் முற்றத்துக்குள் இறங்கும் மழைநீரை மூலைக்கு மூலை கிடாரம் வைத்துப் பிடிப்பது எங்கள் வீடுகளில் பழைய வழக்கம். முதல் மழையைத் தூசு போக விட்டுவிட்டு, அடுத்த மழைகளில் நான்கு கிடாரங்களை நிரப்பி வெள்ளைத் துணியால் வாய் கட்டி வைத்தேன். பதினாறு தொட்டிகளுக்கு அது தை வரை வந்தது. நடுவில் இரு முறை மட்டும் ஊரணித் தண்ணீர் எடுத்துவரச் செய்தேன்.

இனி நான் மிகவும் தடுமாறிய இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டு, உருண்டை கட்டுவது போல் பாவனை காட்டிய ஒன்றிரண்டு செடிகளைப் பிரித்துப் பார்த்தபோது உள் இலைகளின் விளிம்பு பழுப்பாகித் தீய்ந்திருந்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று படித்தேன். எங்கள் வீட்டுச் சுவரே முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கலந்து பூசியது என்ற பெருமையில் வளர்ந்தவன் நான். முட்டை ஓட்டையும் சுண்ணாம்பையும் விட்டால் வேறு மருந்து உண்டா? ஓடுகளைப் பொடித்துத் தொட்டிதோறும் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், அது நீரோட்டத்தோடு மட்டுமே செடிக்குள் பயணம் செய்கிறது. பகலில் வெளி இலைகள் நீரை ஆவியாக்கும்போது ஓட்டம் முழுவதும் அவற்றை நோக்கியே போகிறது. உருண்டைக்குள் பொதிந்திருக்கும் இளம் இலைகள் மூச்சுவிட இடமின்றி இருப்பதால் அவற்றின் பக்கம் நீர் திரும்புவதேயில்லை. அவற்றுக்குப் பங்கு கிடைப்பது இரவில்தான். வெளி இலைகளின் ஆவியாதல் நின்று, வேர் தன் அழுத்தத்தால் நீரை மேலே தள்ளும்போது உள் இலைகளுக்கும் சேர்கிறது.

இதைப் படித்த பின் காலைத் தண்ணீரைக் குறைத்து, கதிரவன் மறைந்ததும் வேரடியில் ஊற்றத் தொடங்கினேன். இலை நனையாமல் ஊற்ற வேண்டும். நனைந்த இலை இரவெல்லாம் காயாமல் கிடந்தால் அடி அழுகும். தொட்டியின் மேல் வைக்கோல் மூடாக்கு இட்டேன். சாண உரக் கரைசலை உருண்டை கட்டத் தொடங்கியதும் நிறுத்தினேன். தழைச்சத்து மிகுந்து இலை விறுவிறுவென்று வளர்ந்தால் சுண்ணாம்புச் சத்து அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிடும். மூன்றாம் ஆண்டு பதினொன்றில் இரண்டில் மட்டுமே விளிம்பு தீய்ந்திருந்தது. சத்து எங்கே இருக்கிறது என்பதைவிட எப்போது எங்கே போகிறது என்று பார்த்திருந்தால் ஐம்பது முட்டை ஓடுகளை இடித்த நேரம் மிச்சமாகியிருக்கும்.

மீதி ஐந்து செடிகள் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். மார்கழித் தொடக்கத்தில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியபோது தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்த நான் ஊரில் இல்லை, இரண்டு அழுகின. ஒன்றை நத்தை தின்றது. இரவில் கைவிளக்கோடு சென்று பொறுக்கி எடுப்பதைத் தவிர நத்தைக்கு வேறு மருந்தை நான் நம்புவதில்லை. அசுவினி வந்தது, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து உருண்டை மூடும் முன் இரண்டு முறை தெளித்ததில் அடங்கியது. மூடிய பின் தெளித்தால் வாசனை உள்ளே தங்கிவிடும். கடைசி இரண்டு செடிகளைத் தின்றது மயில். ஓட்டின் மேல் நின்று முற்றத்துக்குள் எட்டிப் பார்ப்பதை நான் அழகு என்று படம் எடுத்து மகளுக்கு அனுப்பிய மறுநாள் நடந்தது அது. பிறகு முற்றத்தின் மேல் பழைய கொசுவலையைக் கட்டினேன்.

அறுவடை விடியற்காலையில். வெயில் ஏறிய பின் அறுத்தால் இலை துவண்டிருக்கும். இந்தக் கீரையில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். இரவெல்லாம் அது நிரம்பியிருக்கும்போது அறுத்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும். கத்தி பட்ட இடத்தில் பால் துளிர்த்தது. துடைத்துவிட்டு மண்பானைத் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்தேன். முதல் மூன்று உருண்டைகளைக் களஞ்சிய அறையில், பொங்கலுக்கு வாங்கிப் பழுக்கத் தொங்கவிட்டிருந்த வாழைத்தாரின் அடியில் வைத்தது என் மடத்தனம். பழுக்கும் வாழை விடுகிற எத்திலீன் வாயு பட்டால் லெட்யூஸ் இலையின் நடு நரம்பில் துருப்பிடித்தாற்போல் புள்ளிகள் விழும். இரண்டே நாளில் விழுந்தன. மற்றவற்றைத் துணிப்பையில் சுற்றித் தனியே வைத்தேன்.

வெளி இலைகளை உரித்த பின் உள்ளே இருந்தது வெளிர் மஞ்சள் நெஞ்சு. விரலால் தொட்டால் பட்டுப்போல் வழுக்கியது. எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள், நல்லெண்ணெய் இவற்றோடு மட்டும் பிசைந்து வைத்தேன். ஆத்தா ஒரு பிடி தின்றுவிட்டு, "வெறும் தண்ணிதான், ஆனா நல்ல தண்ணி" என்றார். மறுநாள் காலை இட்லிக்குச் சட்னி போடாமல், இலையில் பொடியும் எண்ணெயும் தடவி இட்லியைச் சுற்றித் தின்றதையும் பார்த்தேன்; நானாக இருந்தால் அப்படி யோசித்திருக்க மாட்டேன். பால்காரப் பெரியவருக்கு ஓர் உருண்டை கொடுத்தேன். கையில் வைத்து எடை பார்த்து, "கட்டினது கட்டியிருக்கு, இறுகலை" என்றார். சரியான மதிப்பீடு.

இரண்டு செடிகளை அறுக்காமல் விதைக்கு விட்டேன். லெட்யூஸ் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. வீட்டில் எடுக்கும் விதையும் தாயைப் போலவே பெரும்பாலும் வரும். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது அதன் சிறிய மஞ்சள் பூவைப் பார்த்தால் தெரியும். காலையில் விரிந்து முற்பகலுக்குள் மூடிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் பஞ்சு போன்ற குஞ்சத்தோடு விதை முற்றிப் பறக்கத் தயாராகும். விதைக்கு எந்தச் செடியை விடுவது என்பதில்தான் முதலில் தவறவிருந்தேன். முந்திக்கொண்டு தண்டு ஓடிய செடி எனக்கு வேலையைச் சுருக்கித் தருவது போல் தோன்றியது. அதன் விதையை எடுத்தால் அடுத்த ஆண்டு முந்திக்கொண்டு தண்டு ஓடும் பிள்ளைகளையே நானே தேர்ந்தெடுத்து வளர்ப்பதாக ஆகும். ஆகவே அதைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன். மாசி வெயிலையும் மீறிக் கடைசி வரை இலையைத் திறக்காமல் இருந்த இரண்டு செடிகளின் நெஞ்சை நானே கத்தியால் குறுக்காகக் கீறி, தண்டு வெளியே வர வழி விட்டேன். பங்குனிக் கடைசியில் ஒரு தேக்கரண்டி அளவு விதை கிடைத்தது. பழைய மருந்துக் குப்பியில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, குளிர்பதனப் பெட்டியில் புளி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஐப்பசியின் கடைசிப் பத்து நாள் வரை அது அங்கேயே உறங்கும்.